மாலையில் வந்த உத்தரவு, விடிந்தால் அமல்

கொரோனா காலத்தில் கலெக்டர் உத்தரவு, மாநகராட்சி உத்தரவு என்று எத்தனையோ பார்த்தோம். ஆளுக்கு ஒரு பதிவாக, நேரில் அனுபவித்ததை மட்டும் எழுதுவோம் என்று நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு மதுரை. 2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் ஞாயிறு காலை 6 மணியிலிருந்து 29-ஆம் தேதி இரவு 9 மணி வரை முழு ஊரடங்கு என்று செய்தி வந்தது. சேலம், திருப்பூருக்கு மூன்று நாள். எங்களுக்கு நான்கு நாள். இடையில் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை.

அதற்கு முன்பே கடைகளுக்கு மதியம் 1 மணி வரைதான் நேரம். ஊர் அதற்குப் பழகியிருந்தது. மார்க்கெட்டில் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருப்பார்கள், ஒரு வட்டத்துக்கு ஒரு ஆள், பெரிதாகச் சண்டை இல்லாமல் நடந்தது. அந்தச் சனிக்கிழமை காலை ஐந்தரைக்கே போய்விட்டேன். ஏழு மணிக்குள் ஒரு வட்டம்கூட மிச்சம் இல்லை. நூறு செருப்பு மிதித்து அழித்துவிட்டது. என் கால்சட்டை ஓரத்தில்தான் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது. முகக்கவசம் எல்லாருக்கும் தாடையில். முன்னால் நின்ற அம்மா திரும்பி, "தம்பி, இடிக்காதய்யா, நானே தள்ளாடிக்கிட்டு நிக்கிறேன்" என்றார். இடித்தது நான் இல்லை, எனக்குப் பின்னால் இருந்த ஊர்.

ஒரு மாதமாகக் கூட்டம் சேராதே என்று சொன்ன அரசாங்கம், ஒரே மாலையில் மொத்த ஊரையும் ஒரு சந்தில் சேர்த்துவிட்டது. முழு ஊரடங்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை அறிவித்த விதம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

*

மேலே மதுரை அண்ணன் சொன்ன அதே நாளில் சென்னை கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டிலும் இதே கூத்துதான். என் தம்பி அப்போது அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். நாங்கள் அரியலூர் பக்கம்.

மே 5-ஆம் தேதி மார்க்கெட்டை மூடினார்கள். பிறகு சென்னைக்கு வெளியே திருமழிசைக்கு மாற்றினார்கள். ஆனால் அதற்குள் ஆட்கள் லாரி பிடித்து அவரவர் ஊருக்கு வந்துவிட்டார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று எங்கள் பக்கம் தொற்று எண்ணிக்கை எகிறியது அப்போதுதான். வெங்காய லாரியில் மூட்டைக்கு நடுவில் படுத்து வந்ததாக அவன் சொன்னான். மார்க்கெட்டில் வேலை செய்து திரும்பியவர்கள் தானாக வந்து சொல்ல வேண்டும் என்று ஊரில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அப்பா அவனைக் கொல்லைப்புறக் கொட்டகையில் ஒளித்து வைத்தார். நோய்க்குப் பயந்து இல்லை. கூட்டிக்கொண்டு போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் வி.ஏ.ஓ. வந்தார். அதட்டவில்லை. திண்ணையில் ஓரமாக உட்கார்ந்து, "பள்ளிக்கூடத்துலதான் வெச்சிருக்கோம், உங்க ஊர் பள்ளிக்கூடம்தான், ஜன்னல் வழியா பாத்துக்கலாம்" என்றார். அவ்வளவுதான், தம்பியே எழுந்து வந்துவிட்டான். அவன் ஐந்தாம் வகுப்பு படித்த அறையிலேயே பாய் போட்டார்கள். சோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. மைக்கில் சொன்னவர்கள் "எங்கே கொண்டுபோவோம்" என்ற ஒரு வரியைச் சேர்த்திருந்தால் மூன்று நாள் கொட்டகைவாசம் மிச்சம்.

*

ஊர்விட்டு ஊர் போக ஆன்லைனில் வாங்கிய அனுமதி, அந்த இ-பாஸ் பற்றி யாரும் பேசவில்லையே?

ஜூன் தொடக்கத்தில் மாநிலத்தை 8 மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்குள் பாஸ் வேண்டாம் என்றார்கள். அந்த மாதக் கடைசியில் அதுவும் போய், மாவட்ட எல்லையைத் தாண்டினாலே பாஸ். திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம் போன்ற காரணங்களுக்கு மட்டும். தாத்தா இறந்தது ஜூலையில். நாங்கள் சென்னை, அவர் திருநெல்வேலி பக்கத்துக் கிராமம்.

அதிகாலை 4 மணிக்குப் போன் வந்தது. ஐந்து மணிக்குள் விண்ணப்பித்துவிட்டேன். ஆதார், வண்டி எண், போகிறவர்கள் பெயர் எல்லாம் போட்டாயிற்று. இறப்புக்கு ஆதாரம் கேட்டது. ஒரு மணி நேரம் முன்பு போனவருக்கு என்ன சான்றிதழ் இருக்கும்? அவருடைய ஆதார் அட்டையையே ஏற்றிவிட்டேன். ஏழரைக்கு நிராகரிப்பு என்று குறுஞ்செய்தி. காரணம் இல்லை. சித்தப்பா அங்கே வி.ஏ.ஓ.வை எழுப்பி, வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மறுபடி விண்ணப்பம். பத்தே காலுக்குப் பாஸ் வந்தது. இடைப்பட்ட நேரத்தில் மாமா ஒருவர், "ஒருத்தர் இருக்கார், காசு குடுத்தா அரை மணி நேரத்துல எடுத்துத் தருவார்" என்றார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அம்மாதான் வேண்டாம் என்றாள்.

ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் பாஸைக் காட்டி, தலையை எண்ணி, நெற்றியில் காய்ச்சல் பார்க்கும் அந்தத் துப்பாக்கியைக் காட்டி அனுப்பினார்கள். ஒரு இடத்தில் ஒரு காவலர் பாஸைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் தொப்பியைக் கழற்றி வழிவிட்டார். அம்மா அதுவரை அழவில்லை, அங்கேதான் அழுதாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டு வேலை முடிந்து வந்து குளித்துக்கொண்டிருந்தார்கள். இறுதிச்சடங்குக்கு 20 பேர் என்ற கணக்கு வேறு. அதில் எங்கள் மூன்று பேரின் இடத்தைக் காலியாகவே வைத்திருந்ததாகச் சித்தப்பா சொன்னார்.

ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த உடனே பாஸ், செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பாஸே தேவையில்லை என்று ஆகிவிட்டது. தாத்தா போய் ஆறே வாரம்.

*

இங்கே எல்லாரும் உத்தரவை வாங்கியவர்கள். நான் கொண்டுபோய் ஒட்டியவன். ஒரு நகராட்சியில் தற்காலிகப் பணியாளனாக இருந்தேன், ஊர் வேண்டாம். தொற்று வந்த தெருவை அடைக்கத் தகரம் அடித்தது, வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியது எல்லாம் நாங்கள்தான்.

எங்கள் கையில் கொடுத்த காகிதத்தில் தெருவின் இரண்டு முனையையும் அடைக்கச் சொல்லித்தான் இருந்தது. வீட்டு வாசலை அடைக்கச் சொல்லி எந்த வரியும் இல்லை. நான் படித்துப் பார்த்தேன். ஆனால் கூட வந்த மேலாளர், "வாசல்லயும் ரெண்டு தகரம் போட்டுரு, அப்பதான் மேல கேட்டா காட்ட முடியும்" என்றார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்ப வேண்டும், அதுதான் விஷயம். ஒரு வீட்டில் வயதான அம்மா மட்டும். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பால் பாக்கெட்ட எங்கப்பா வைப்பான்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தகரத்தை ஒரு சாண் மேலே தூக்கி ஆணி அடித்தேன். போட்டோவில் அது தெரியாதபடி எடுத்தேன்.

அதே ஜூலையில் பெங்களூரில் இரண்டு ஃபிளாட் வாசலைத் தகரத்தால் அடைத்து, படம் பரவி, மாநகராட்சி ஆணையரே மன்னிப்புக் கேட்டார். அதைப் பார்த்த மறுநாள் எங்கள் ஊரிலும் வாசல் தகரத்தைச் சத்தமில்லாமல் கழற்றச் சொன்னார்கள். அதற்கும் காகிதம் கிடையாது. ஸ்டிக்கர் மட்டும் தொடர்ந்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி உத்தரவிட்டால் தவிர வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் டிசம்பரில் சொன்னபோது, நான் ஒட்டியதை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். நாற்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை.

திட்டுகிறவர்கள் திட்டுங்கள். எங்களுக்குக் கொடுத்த கையுறை இரண்டாம் நாளே கிழிந்துவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

தகரக்கார அண்ணே, உங்களைத் திட்ட ஒன்றும் இல்லை.

என் கதை சின்னது. மதியம் 1.20-க்கு வண்டியில் போனதற்குப் பிடித்தார்கள். அரசு உத்தரவை மீறியதாக 188-ஆம் பிரிவில் வழக்கு, வண்டி பறிமுதல். மைதானத்தில் வெயிலில் வரிசையாக நிறுத்தியிருந்த நூற்றுக்கணக்கான வண்டிகளில் என் வண்டியைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. 2021 பிப்ரவரியில், போலீசாரைப் பணி செய்ய விடாமல் தடுத்தது, முறைகேடாக இ-பாஸ் வாங்கியது தவிர மற்ற ஊரடங்கு வழக்குகளை எல்லாம் கைவிடுவதாக முதல்வர் பழனிசாமி அறிவித்தார். சுமார் 10 லட்சம் வழக்குகள். அதில் ஒன்று நான். சரி, வழக்கு போய்விட்டது. மைதானத்தில் காணாமல் போன பக்கக் கண்ணாடிக்கு யாரிடம் போய்க் கேட்பது?

இ-பாஸ் நண்பரே, உங்கள் அம்மா புரோக்கர் வேண்டாம் என்றது நல்லதாகப் போயிற்று, பார்த்தீர்களா.

*

ஆரம்பித்தவன் மறுபடி வருகிறேன். தகரம் அடித்தவர் எழுதியதைப் படித்ததும், அந்த நான்கு நாள் உத்தரவை நான் முழுதாகப் படித்தேனா என்று யோசித்தேன். படிக்கவில்லை. தலைப்பைத்தான் படித்தேன். தெருவில் ஒருவருமே படிக்கவில்லை. மருந்துக்கடை திறந்திருக்கும், காய்கறி வண்டியில் வரும் என்று அதிலேயே இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை எங்கள் தெருவுக்கே மினி லாரி வந்தது, ஒலிபெருக்கியுடன். கத்திரிக்காய், வெண்டைக்காய், தக்காளி எல்லாம் சனிக்கிழமையைவிட விலை குறைவு. அம்மா மாடியில் நின்று பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். சமையலறையில் ஐந்து கிலோ தக்காளி, பாதி அழுகத் தொடங்கியிருந்தது.