வார்பர்ட்டன் 29 வயதில் நிறுத்தினார், ஆலன் வின் 37 வரை ஆடினார்: யார் செய்தது சரி?

ஏழாம்எண்:
வேல்ஸ் ரக்பியைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் ஆலன் வின் ஜோன்ஸ் கணக்குக்கு வந்துவிடுகிறார்கள். வேல்ஸுக்கு 158 டெஸ்ட் (சர்வதேச ஆட்டம்), பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் கூட்டு அணியான லயன்ஸுக்கு 12, ஆக 170. ஆண்கள் ரக்பியில் அதை யாரும் தொடவில்லை. மதிக்கிறேன். ஆனால் அதே வாயால் "வார்பர்ட்டன் அவசரப்பட்டுவிட்டார், இன்னும் நாலைந்து வருஷம் ஆடியிருக்கலாம்" என்று சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வேல்ஸின் ஏழாம் எண் ஆட்டக்காரர் (ரக்பியில் சட்டை எண் ஆடும் இடத்தைக் குறிக்கும்) சாம் வார்பர்ட்டன் 2018 ஜூலையில் விலகினார். இரண்டு லயன்ஸ் பயணங்களுக்குத் தலைவராக இருந்தவர், வேல்ஸுக்கு 74 டெஸ்ட் ஆடியவர். கழுத்திலும் முழங்காலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஒரு சீசன் முழுக்க வெளியே இருந்து, மறுபடி பயிற்சிக்கு வந்தார். உடம்பு ஒத்துழைக்கவில்லை. நிறுத்திவிட்டார். ரக்பியைத் தொழிலாக எடுத்தவர் செய்யக்கூடியதிலேயே கடினமான காரியம் அதுதான் என்பேன். 170 டெஸ்ட் ஆடுவதைவிடக் கடினம்.

லாக்நான்கு:
கடைசி வரியை ஏத்துக்க மாட்டேன். ஆலன் வின் 29ல நிறுத்தியிருந்தா 2019 கிராண்ட்ஸ்லாம் (ஆறு ஐரோப்பிய நாடுகள் ஆடுற சிக்ஸ் நேஷன்ஸ்ல எல்லா ஆட்டத்தையும் ஜெயிக்கிறது) யார் தலைமையில வந்திருக்கும்? அப்போ அவருக்கு 33 வயசு. அந்த வருஷ சிக்ஸ் நேஷன்ஸோட சிறந்த ஆட்டக்காரரும் அவர்தான். அவரை மாதிரி லாக் இடத்துல, அதாவது ரெண்டு அணியும் முட்டித் தள்ளுற ஸ்க்ரம்ல ரெண்டாவது வரிசையில, 4, 5ஆம் எண்ணுல ஆடுறவனுக்கு முப்பதுக்கு மேலதான் தொழில் கைக்கு வரும். லைன் அவுட்ல, வெளியே போன பந்தை ஓரத்துல இருந்து எறியறப்ப, பந்து யாருக்குப் போகப் போகுதுன்னு எதிராளி கால் வைக்கிற விதத்தைப் பார்த்தே சொல்லணும். அது ஜிம்ல கிடைக்காது, வருஷக்கணக்கா ஆடினாத்தான் வரும்.

2021 ஜூன்ல ஜப்பானோட ஆடினப்ப அவர் தோள்மூட்டு விலகிடுச்சு. நாலே வாரத்துல கேப் டவுன்ல லயன்ஸ் தலைவரா முதல் டெஸ்ட்டுக்கு இறங்கினார். எனக்குக் கண் கலங்கிடுச்சு. இதைக் கடினம் இல்லைன்னு சொல்லாதீங்க.

ஏழாம்எண்:
கடினம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை, நண்பரே. இரண்டு பேரின் வேலையும் ஒன்றல்ல என்கிறேன்.

வார்பர்ட்டனின் பெயர் எதில் நிலைத்தது? டேக்கிள் விழுந்ததும், அதாவது பந்தோடு ஓடுபவனைப் பிடித்துக் கீழே சாய்த்ததும், முதல் ஆளாக ஓடிப்போய், இரண்டு காலில் நின்றபடியே குனிந்து, கீழே கிடப்பவன் கையிலிருந்து பந்தைப் பிடுங்குவதில். ஜாக்கல் என்பார்கள். அந்த இரண்டு மூன்று நொடி அவருடைய தலை இடுப்புக்குக் கீழே இருக்கும், கழுத்து திறந்து கிடக்கும், இரண்டு கையும் பந்தில் மாட்டியிருக்கும். அந்த நிலையில் நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆட்கள் ஓடிவந்து அவரைப் பெயர்த்தெறிவார்கள். அதுவும் ஆட்ட விதிப்படிதான். அவர் அசையாமல் நின்றால் பெனால்டி கிடைக்கும். அந்தப் பெனால்டி ஒவ்வொன்றையும் கழுத்தால் வாங்கினார் அவர். லாக்குக்கும் அடி உண்டு, ஸ்க்ரம்மில் முதுகு தேயும். ஆனால் ஜாக்கலுக்கென்றே பேர் வாங்கிய ஏழாம் எண்காரர் அந்த நிலைக்கு வாராவாரம் வேண்டுமென்றே போகிறார்.

2013 லயன்ஸ் தொடர் நினைவிருக்கிறதா? இரண்டாம் டெஸ்ட்டில் வார்பர்ட்டனின் தொடைத்தசை கிழிந்தது. மூன்றாவதுக்குத் தலைவரானவர் ஆலன் வின். சிட்னியில் 41-16. ஒருவர் உடைந்த இடத்தில் மற்றவர் ஏறி நின்றார். இருவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

லாக்நான்கு:
அப்போ ஜஸ்டின் டிப்யூரிக்? அவரும் ஏழுதான். 93 டெஸ்ட். 2023 மே மாசம் ஆலன் வின்னும் அவரும் ஒரே நாள்ல சர்வதேச ஆட்டத்துல இருந்து விலகினாங்க. டிப்யூரிக்குக்கு அப்போ 33, அதுக்கப்புறமும் வேல்ஸ் கிளப்பான ஆஸ்பிரேஸுக்கு ஆடினார். எண்தான் காரணம்னா இவர் எப்படி நின்னார்?

ஏழாம்எண்:
நல்ல கேள்வி. டிப்யூரிக் வேறு வகை ஏழு. ஓரத்தில் ஓடி, பின்வரிசையோடு சேர்ந்து பந்தைக் கடத்துவார். லைன் அவுட்டில் தாவுவார். 2013இல் கார்டிஃபில் இங்கிலாந்தை 30-3 என்று அடித்த அன்று இருவரும் சேர்ந்தே ஆடினார்கள்: டிப்யூரிக் ஏழு, வார்பர்ட்டன் ஆறு. அந்த ஆட்டத்தைப் பாருங்கள், யார் எங்கே நிற்கிறார் என்று தெரியும். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சட்டையின் எண்ணை மட்டும் சொன்னது என் தவறு. ஆடும் விதம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

கணக்கன்:
ரெண்டு பேரும் தலைவர்களைப் பத்தியே பேசிட்டிருக்கீங்க. ஒரு அணியில தலைவர் ஒருத்தர்தான். மத்தவன் கதை என்ன?

வார்பர்ட்டன் 2014 ஜனவரியில வேல்ஸ் ரக்பி யூனியனோட நேரடி ஒப்பந்தம் போட்ட முதல் ஆட்டக்காரர். விலகினதும் டிவி வர்ணனை, பயிற்சிக் குழுன்னு கதவு திறந்துச்சு. அவர் துணிச்சலைக் குறைச்சுச் சொல்லலை. ஆனா "போதும்"னு சொல்ல அவருக்கு இடம் இருந்துச்சு.

இப்ப 2023 பிப்ரவரிக்கு வாங்க. சீசன் முடிஞ்சா அடுத்து வேலை இருக்கான்னே பல வேல்ஸ் ஆட்டக்காரங்களுக்குத் தெரியலை. இங்கிலாந்து ஆட்டத்துக்கு முன்னாடி வேலைநிறுத்தம் வரைக்கும் பேச்சு போச்சு. வெளிநாட்டு கிளப்புக்குப் போறவன் நாட்டுக்கு ஆடணும்னா 60 டெஸ்ட் ஆடியிருக்கணும்னு இருந்த விதியை அப்பதான் 25ஆ குறைச்சாங்க. அதுக்கு முந்தின அக்டோபர்ல இங்கிலாந்துல வொர்ஸ்டர், வாஸ்ப்ஸ் ரெண்டு கிளப்பும் சீசன் நடுவுல கவிழ்ந்து, ஆட்டக்காரங்க தெருவுக்கு வந்தாங்க. அடுத்த வருஷம் லண்டன் ஐரிஷ்.

ரெண்டு வருஷ ஒப்பந்தத்துல இருக்கிற 26 வயசுப் பையன், முட்டி வலிக்குதுன்னு பிசியோகிட்ட சொல்லுவானா? சொன்னா இடம் போயிடும். தொழில்முறை ஆட்டமா ஆக்கினது 1995ல. ஒருத்தன் மரியாதையா வெளியே வர வழி இன்னும் போடலை.

லாக்நான்கு:
கணக்கன் சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா அது ஆலன் வின் மேல குற்றமாகாது. அவர் விரும்பி ஆடினார். விரும்பி ஆடுறவனைப் பார்த்து "போய் உட்காரு"ன்னு சொல்ல நாம யாரு?

ராணி_பிசியோ:
இதுவரைக்கும் படிக்க மட்டும்தான் வந்தேன். "விரும்பி" என்ற சொல்லில் நின்றுவிட்டேன்.

முழங்கால் சொல்லும், கழுத்து சொல்லும், தோள் கத்தும். மூளை சொல்லாது. ரயன் ஜோன்ஸ் வேல்ஸுக்கு மூன்று கிராண்ட்ஸ்லாம் வென்றவர், தலைவராக இருந்தவர். தனக்கு மறதிநோய் என்று 2022இல் வெளியே சொன்னார், 41 வயதில். வேல்ஸுக்கு ஆடிய அலிக்ஸ் போப்ஹமுக்கு அதே நோய் 40 வயதில் தெரிந்தது. இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்சனுக்கு, 2003 உலகக் கோப்பையை வென்றதே நினைவில் இல்லை. இவர்கள் எல்லோரும் விரும்பித்தான் ஆடினார்கள். எதை விட்டுக்கொடுத்து ஆடுகிறோம் என்று தெரிந்தா ஆடினார்கள்?

4, 7 என்று எண்ணை வைத்து வாதாடினீர்கள். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தினர் ஸ்காட்லாந்தின் முன்னாள் சர்வதேச ஆட்டக்காரர்கள் 400 பேருக்கு மேல் எடுத்து ஆராய்ந்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். நரம்புச் சிதைவு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு. முன்னால் மோதி ஆடுபவர், பின்னால் நின்று ஓடி ஆடுபவர் என்ற வித்தியாசமே தெரியவில்லை.

வேல்ஸின் ஜார்ஜ் நார்த்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 பிப்ரவரி, கார்டிஃப், இங்கிலாந்து ஆட்டம். முதல் பாதியில் தலையில் உதை விழுந்தது. சோதனைக்குப் போய்த் திரும்பி வந்தார். இரண்டாம் பாதியில் சொந்த அணிக்காரரோடு தலை மோதிக் கீழே விழுந்தார். மருத்துவக் குழு அதைக் கவனிக்கவில்லை, அவர் தொடர்ந்து ஆடினார். கவனித்திருந்தால் வெளியே எடுத்திருப்போம் என்று பிறகு சொன்னார்கள். அடுத்த மாதமே கிளப் ஆட்டத்தில் மறுபடி தலையில் அடி. ஆகஸ்ட்டில்தான் களத்துக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு பல வருஷம் ஆடினார், 121 டெஸ்ட் முடித்தார். அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வேண்டுகிறேன். ஆனால் அந்த இரவு, ஆடுவதா வேண்டாமா என்ற முடிவை அவரிடம் விட்டிருக்கவே கூடாது. மோதி விழுந்தவன் "ஆடுகிறேன்" என்றுதான் சொல்வான்.

ஏழாம்எண்:
வார்பர்ட்டனுக்குக் கழுத்தாவது எச்சரிக்கை கொடுத்தது என்று எடுத்துக்கொள்கிறேன். நான் அதைத் துரதிர்ஷ்டமாகவே பார்த்துவந்தேன்.

கணக்கன்:
ராணி அக்கா, அதான் நானும் கேட்கிறேன். முடிவு அவன் கையில இருக்கக் கூடாதுன்னா, வெளியே எடுத்த பிறகு அவன் சம்பளத்துக்கு யார் பொறுப்பு? அதைச் சொல்லாம மருத்துவர் எத்தனை பேர் நின்னாலும் அவன் மறைப்பான்.

ராணி_பிசியோ:
மறைப்பான். மறுக்கமாட்டேன். முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு 15 நிமிஷம் போதும் என்று உலக ரக்பி அமைப்பு 2021இல் வழிகாட்டியது. இப்போது பல்காப்பில் உணர்கருவி வைக்கிறார்கள். அவன் மறைத்தாலும் கருவி காட்டிக்கொடுக்கும். ஆனால் அது அவனைக் களத்திலிருந்து எடுக்கத்தான் உதவும். அடுத்த மாத வாடகைக்கு அதனிடம் பதில் இல்லை.

லாக்நான்கு:
ஆலன் வின் பத்தி என் எண்ணம் மாறலை. 170 எனக்கு இன்னும் 170தான். அந்தத் தோள் கதையையும் சொல்லிட்டுத்தான் இருப்பேன்.

ஆனா ராணி சொன்ன 2015 ஆட்டத்தை நேத்து ராத்திரி மறுபடி போட்டுப் பார்த்தேன். அன்னைக்கு நேரலையில முழுசாப் பார்த்தவன் நான். நார்த் ரெண்டாவது தடவை விழுந்தது எனக்கு ஞாபகமே இல்லை. அந்த நொடியில பந்து எங்க போகுதுன்னுதான் பார்த்திட்டிருந்திருக்கேன்.