லெதர் ஜாக்கெட் அப்டேட்: கடைசில ஆட்டுத்தோல் தான் எடுத்தேன்

'ஜெனுயின் லெதர்'னு லேபிள் போட்ட ஜாக்கெட் ஒண்ணை நம்பி வாங்கலாமானு முன்னாடி கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட் இது. அதை எடுக்கல. அந்த லேபிளுக்கு நிஜத் தோல்னு மட்டும் தான் அர்த்தம், என்ன தரம்னு அது சொல்லாது. நேர்ல போய் வெளிச்சத்துல பாத்தா தோல்ல இருக்குற முடித்துளையெல்லாம் அச்சடிச்ச மாதிரி ஒரே டிசைன் திரும்பத் திரும்ப வருது, கட்டைவிரலால அழுத்தினா சுருக்கமே விழல, அதாவது மேல்பரப்பைத் தேய்ச்சு எடுத்துட்டு கனமா பூச்சு போட்டிருக்காங்க.

எடுத்தது ஃபுல் கிரெய்ன் ஆட்டுத்தோல், மேல்பரப்பைத் தேய்க்காதது, அழுத்தினா சின்னச் சின்னதா வரி ஓடுது, கை மடக்குற இடத்துல இப்பவே லேசா மடிப்பு விழுது, எனக்கு அது தான் அழகு. செம்மறிக்குட்டித் தோல் இன்னும் மெத்துனு இருந்துச்சு ஆனா சீக்கிரம் கிழியும், மாட்டுத்தோல் உறுதி ஆனா வெயிட்டு, பழகவும் நாளாகும்.

பாண்டட் லெதர் பத்தி கேட்டவங்களுக்கு: தோல் கழிவைத் தூளாக்கி பசை போட்டு ஒட்டினது, உரியும், வேணாம். அப்புறம் நிஜத் தோலானு பாக்க நெருப்பு வச்சு டெஸ்ட் பண்ணுனு சொன்ன புண்ணியவான், கடைல யாருங்க விடுவாங்க?