ஒரே வீதியில் இரண்டு அரச பாடசாலைகள்: வேறுபாட்டை ஏன் ஏற்க வேண்டும்?

வாவிக்கரைப் பெற்றோர்:

மட்டக்களப்பு மாவட்டத்தின் கரையோரப் பட்டினம் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. பிரதான வீதியில், நடந்து போகும் தூரத்துக்குள், உயர்தர விஞ்ஞானப் பிரிவு வரை உள்ள இரண்டு 1ஏபி பாடசாலைகள் உள்ளன. ஒன்று மத்திய கல்வி அமைச்சின் கீழ் உள்ள தேசிய பாடசாலை. மற்றையது மாகாண நிர்வாகத்தின் கீழ் உள்ள மாகாணப் பாடசாலை. இரண்டிலும் அரசின் இலவசப் பாடநூலும் சீருடைத் துணியும் கிடைக்கின்றன. ஆசிரியர்கள் அனைவரும் இலங்கை ஆசிரியர் சேவையைச் சேர்ந்தவர்கள். பிள்ளைகள் எழுதுவதும் ஒரே பரீட்சை. ஆனால் என் மகள் படிக்கும் மாகாணப் பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பிறகு அந்த வெற்றிடம் நிரப்பப்படவில்லை. தேசிய பாடசாலையில் அதே பாடத்தை ஒருவருக்கு மேற்பட்டோர் கற்பிக்கிறார்கள். கணிதப் பிரிவில் சேர்ந்த பிள்ளை பௌதிகவியலை ரியூசனில் மட்டுமே கற்க நேர்வதும், அதற்குப் பணம் இல்லாத பிள்ளை தரம் 12இன் நடுவில் கலைப் பிரிவுக்கு மாறுவதும் எங்கள் ஊரில் வழக்கமாகிவிட்டன. ஏன் என்று கேட்டால், அங்கே பெறுபேறு நல்லது, ஆகவே வளமும் அங்கே போகிறது என்கிறார்கள். பொதுப் பணத்தில் நடக்கும் இரண்டு பாடசாலைகளுக்கிடையே இவ்வளவு வேறுபாட்டை நாம் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

தேசிய பாடசாலைப் பழைய மாணவர்:

உங்கள் மகளுக்கு ஆசிரியர் இல்லாதது அநியாயம் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அதற்கான பழியை வீதியின் மறுமுனையில் இருக்கும் பாடசாலையின் மீது சுமத்துவதை ஏற்க முடியவில்லை. நான் கற்ற அந்தப் பாடசாலையின் ஆய்வுகூடத்தைத் திருத்தியது லண்டனிலும் டொரொன்டோவிலும் வாழும் பழைய மாணவர்கள் அனுப்பிய பணம். 2022இல் தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்ட நாட்களில், எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வீடு வீடாகப் போய்த் தாள் சேர்த்துப் பரீட்சை நடத்தியது. இது எவரிடமிருந்தும் பறித்த வளம் அன்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தரம் 6இல் அங்கு நுழைவதற்கு வழி தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. மீனவர் பிள்ளையும் வைத்தியர் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்குத்தான் விடை எழுதுகிறார்கள். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940களில் மத்திய மகா வித்தியாலயங்களைத் தொடங்கியதும், 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும், கிராமத்து ஏழைப் பிள்ளையின் திறமைக்கு ஒரு வழி திறக்க வேண்டும் என்பதற்காகவே. அந்த வழியில் வந்து படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

மாகாணப் பாடசாலை ஆசிரியை:

ஐயா, நீங்கள் சொல்லும் அந்தப் பரீட்சையைப் பற்றியே பேசுவோம். எங்கள் ஆரம்பப் பிரிவில் ஐந்து ஆண்டுகள் எழுத்தறிவித்து வளர்த்த பிள்ளைகளில், வெட்டுப்புள்ளியைத் தாண்டும் பிள்ளைகள் எல்லோரும் ஜனவரியில் உங்கள் பாடசாலைக்குச் சென்றுவிடுகிறார்கள். அவர்களோடு, பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் வருகின்ற, அபிவிருத்திச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகின்ற, அதிபரிடம் கேள்வி கேட்கத் தயங்காத குடும்பங்களும் போய்விடுகின்றன. ஆறு ஆண்டுகள் கழித்துச் சாதாரண தரப் பெறுபேறு வரும்போது, இரண்டு பாடசாலைகளின் சித்தி வீதங்களும் கல்வி வலயக் கூட்டத்தில் அருகருகே வைக்கப்படுகின்றன. எங்கள் அதிபர் எழுந்து நின்று விளக்கம் கொடுக்கிறார். பத்து வயதிலேயே பிரித்தெடுக்கப்பட்ட பிள்ளைகளின் புள்ளிகளை, பிரித்தெடுத்த பின் எஞ்சிய பிள்ளைகளின் புள்ளிகளோடு ஒப்பிட்டு, எங்கள் கற்பித்தல் தரம் குறைவு என்று முடிவு செய்வது எந்த வகையிலும் நேர்மையான அளவீடு ஆகாது. தரம் 6இல் ஒரு பிள்ளை எந்த நிலையில் வந்தது, தரம் 11இல் எந்த நிலைக்குப் போனது என்று பாருங்கள். அந்தக் கணக்கை ஒருவரும் கேட்பதில்லை.

பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதும் பாதி உண்மையே. தரம் 3 முதலே மாலை வகுப்புக்குச் செல்லும் பிள்ளையும், தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய அம்மம்மாவிடம் வளரும் பிள்ளையும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து எழுதுவதனால் மட்டும் அவர்களின் ஆயத்தம் சமமாகிவிடாது. எட்டாத புள்ளியோடு வீட்டுக்கு வந்து, இனித் தனக்குப் படிப்பு வராது என்று பத்து வயதில் நம்பத் தொடங்கும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் பார்க்கிறேன். அந்த நம்பிக்கையை மாற்றுவதற்கே ஒரு முழுத் தவணை போதாது.

தேசிய பாடசாலைப் பழைய மாணவர்:

ஆசிரியை அவர்களின் அளவீடு பற்றிய வாதத்தை முழுமையாக ஏற்கிறேன். சித்தி வீதத்தை மட்டும் வைத்து இரண்டு பாடசாலைகளை ஒப்பிடக் கூடாது. ஆனால் பரீட்சையை நீக்கினால் அந்த இடத்துக்கு என்ன வரும் என்பதையும் யோசியுங்கள். தரம் 1 அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்டகாலம் நடைமுறையில் இருந்த சுற்றறிக்கையின்படி, இடங்களில் 50 வீதம் அருகில் வசிப்போரின் பிள்ளைகளுக்கும் 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கும் ஒதுக்கப்பட்டன. விளைவு என்ன? பெயர்பெற்ற பாடசாலைகளைச் சுற்றிக் காணி விலை ஏறியது. வாடகை ஒப்பந்தமும் மின்சாரப் பட்டியலும் வாக்காளர் இடாப்புப் பதிவும் பிள்ளை பிறந்த நாளிலிருந்தே தயாராகத் தொடங்கின. பழைய மாணவர் ஒதுக்கீட்டினால் பயன்பெறக்கூடிய நானே சொல்கிறேன், அந்த வழியில் ஏழைப் பிள்ளை நுழைவது பரீட்சையில் நுழைவதைவிடக் கடினம். குறைகள் உள்ள பரீட்சையாக இருந்தாலும், செல்வாக்கினால் திறக்க முடியாத கதவு நம்மிடம் அது ஒன்றுதான்.

ஓய்வுபெற்ற கல்வி அலுவலர்:

இருவரும் அனுமதியைப் பற்றியே வாதிடுகிறீர்கள். முதலில் எழுதிய பெற்றோர் கேட்டது பௌதிகவியல் ஆசிரியரைப் பற்றி. அதற்கான காரணம் நிர்வாக அமைப்பில் இருக்கிறது. அதைச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

1987இல் அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு பாடசாலைகள் மாகாண சபைகளிடம் சென்றன. தேசிய பாடசாலைகள் என்று பெயரிடப்பட்டவை மட்டும் மத்திய கல்வி அமைச்சிடம் இருந்தன. நாட்டின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகளில் அவை ஏறத்தாழ 400 மட்டுமே. ஆகவே உங்கள் ஊரின் ஒரே வீதியில் உள்ள இரண்டு பாடசாலைகளில் ஒன்றின் ஆளணிக் கோவை பத்தரமுல்லையில் மத்திய கல்வி அமைச்சு இருக்கும் இசுருபாயவுக்குப் போகிறது; மற்றதன் கோவை மாகாண நிர்வாகம் இருக்கும் திருகோணமலைக்குப் போகிறது. ஒரு பாடசாலையில் ஒரு பாடத்துக்கு ஆசிரியர் மிகையாகவும் மற்றதில் வெற்றிடமாகவும் இருப்பதை வலயக் கல்விப் பணிப்பாளர் தம் கண்ணால் காணலாம். ஆனால் மத்திய அமைச்சின் கீழ் உள்ள ஆசிரியரை மாகாணப் பாடசாலைக்கு மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. சேவையில் இருந்த காலத்தில் இப்படியான கோரிக்கைக் கடிதங்களைப் பலமுறை எழுதியிருக்கிறேன். பெறப்பட்டது என்ற பதிலுக்கு அப்பால் போனவை மிகச் சில.

இதனோடு இன்னொரு குறையும் சேர்ந்துள்ளது. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடக்கவில்லை. நிர்வாகம் ஆளுநரின் கீழ் நடக்கிறது. மாகாணப் பாடசாலைப் பெற்றோர் தம் வாக்கினால் கேள்வி கேட்கக்கூடிய மாகாணக் கல்வி அமைச்சர் என ஒருவர் இல்லை. அண்மையில் உள்ள பாடசாலையே சிறந்த பாடசாலை என்ற திட்டத்தை 2016இல் அரசு அறிவித்தது. அதற்கு முன்னரே அரசின் மகிந்தோதய திட்ட ஆய்வுகூடங்கள் மாகாணப் பாடசாலைகளுக்கும் வந்தன. கட்டடமும் கணினியும் கிடைத்தன. அவற்றை வைத்துக் கற்பிக்கும் ஆசிரியரைத் தக்கவைக்கும் ஏற்பாடுதான் கிடைக்கவில்லை.

படுவான்கரை வாசகர்:

நீங்கள் வளம் குறைந்தது என்று சொல்லும் அந்த மாகாணப் பாடசாலைக்கு வருவதே வாவிக்கு இந்தப் பக்கம் உள்ள எங்கள் பிள்ளைகளின் கனவு என்பதை அறிவீர்களா? எங்கள் பக்கத்தில் கற்பிக்கும் ஆசிரியர்களில் பலர் காலையில் குருமண்வெளியிலிருந்து, வாவியைக் கடக்கும் மிதவைப் படகான பாதையில் ஏறி மண்டூருக்கு வந்து, பாடசாலை விட்டதும் அதே பாதையில் திரும்புகிறார்கள். யானை வரும் ஊர்களில் மாலை வகுப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. பல்கலைக்கழக அனுமதியில் விஞ்ஞானத் துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. மட்டக்களப்பும் பின்தங்கிய மாவட்டம்தான். ஆனால் அந்தக் கணக்கு மாவட்டத்தை மட்டுமே பார்க்கிறது. வாவிக்கு அப்பால் ஆய்வுகூடம் இன்றிப் படித்த பிள்ளையும் பட்டினத்தில் இரண்டு ரியூசனுக்குப் போன பிள்ளையும் ஒரே வரிசையில் நின்று, உயர்தரப் புள்ளிகளைச் சமன்செய்து கணிக்கும் இசட் புள்ளியால் போட்டியிடுகிறார்கள். எங்கள் பெயரால் வந்த சலுகையைப் பட்டினத்துப் பாடசாலைகள் இரண்டுமே பயன்படுத்துகின்றன.

வாவிக்கரைப் பெற்றோர்:

படுவான்கரை அன்பர் சொன்னது என் கேள்வியை இன்னும் கனமாக்குகிறது. எங்கள் குறையைவிட அவர்களுடையது பெரிது. இருந்தாலும் உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கிறேன். இடமாற்றம் வரும்வரை காத்திருக்காமல், உயர்தரப் பௌதிகவியலையும் இணைந்த கணிதத்தையும் இரண்டு பாடசாலை மாணவர்களுக்கும் பிற்பகலில் ஒரே வகுப்பாக, தேசிய பாடசாலை மண்டபத்தில் நடத்த முடியாதா? வாவியைக் கடந்து வரும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமையில் ஒரு வகுப்பு வைக்கலாம். பழைய மாணவர் சங்கம் அதற்கு முன்வருமா?

தேசிய பாடசாலைப் பழைய மாணவர்:

சங்கக் கூட்டத்தில் இதை நானே பிரேரிப்பேன். ஆசிரியர்களின் மேலதிக நேரத்துக்கான கொடுப்பனவைச் சங்கம் ஏற்கலாம் என்றும், சனிக்கிழமை வகுப்புக்கு வருவோரின் பயணச் செலவையும் சேர்த்துப் பேசலாம் என்றும் நினைக்கிறேன். இரண்டு அதிபர்களும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். வலயத்தின் அனுமதியும் வேண்டும். ஆனால் இதைத் தரம் 6 அனுமதியை மாற்றுவதற்கான முதற்படியாக முன்வைத்தால் என் ஆதரவு இருக்காது.

மாகாணப் பாடசாலை ஆசிரியை:

அந்த வகுப்பு நடந்தால் என் மாணவர்களை நானே அழைத்து வருவேன்; பிரேரணைக்கு நன்றி. ஆனால் உயர்தரக் கணிதப் பிரிவுக்கு வந்து சேரும் பிள்ளைகளைப் பற்றி மட்டுமே நீங்கள் இருவரும் பேசுகிறீர்கள். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் அதற்கு முன்பே நின்றுவிடும் பிள்ளைகள்தான் எங்கள் பாடசாலையில் அதிகம். அவர்களின் பிரச்சினை தரம் 6இல் தொடங்குகிறது. ஆகவே அனுமதி பற்றிய வாதத்தை நான் கைவிடமாட்டேன். அந்தக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்தால் அங்கும் அதையே சொல்வேன்.