காமன் ஆப் விண்ணப்பத்தில் எது பொது, எது தனி?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், ஒரே படிவத்தைக் கொண்டு பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் என்ற இணையத்தளம் வழியாக அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க இருக்கிறாள். ஒரு கல்லூரிக்கு அனுப்பிய பிறகு கட்டுரையில் பிழை கண்டால், மற்றக் கல்லூரிகளுக்குத் திருத்தி அனுப்ப முடியுமா? அவள் வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறாள் என்பது ஒவ்வொரு கல்லூரிக்கும் தெரியவருமா? பரிந்துரைக் கடிதத்தை ஆசிரியர் கல்லூரிதோறும் தனியாக எழுத வேண்டுமா? 20 கல்லூரிகள் வரை சேர்க்க இடம் இருப்பதால், இருபதையும் நிரப்பிவிடலாம் என்று அவள் எண்ணுகிறாள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பதில் 1:
வணக்கம். விண்ணப்பம் மொத்தமாக ஒரே நேரத்தில் எல்லா இடங்களுக்கும் போய்விடாது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாகத்தான் சமர்ப்பிக்க வேண்டும். கட்டணம் கேட்கும் கல்லூரிகளுக்கு அதையும் தனித்தனியாகவே செலுத்த வேண்டும். ஒரு கல்லூரிக்குச் சமர்ப்பித்ததை அங்கே மாற்ற முடியாது என்றாலும், இன்னும் அனுப்பாத கல்லூரிகளுக்காகக் கட்டுரையைத் திருத்திக்கொள்ளலாம். வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறாள் என்ற பட்டியலைக் காமன் ஆப் எந்தக் கல்லூரிக்கும் காட்டுவதில்லை.

இருபதைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொதுவாக அமைவது பெயர், குடும்பம், கல்வி விவரங்கள், 650 சொற்களுக்கு மிகாத ஒரு கட்டுரை, பத்துச் செயல்பாடுகள் வரை கொள்ளும் பட்டியல் ஆகியவையே. இவற்றை ஒருமுறை நிரப்பினால் போதும். ஆனால் பல கல்லூரிகள் இவற்றுக்கு மேல் தமக்கென்று தனிக் கேள்விகள் வைத்திருக்கின்றன. 'எங்கள் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்' என்ற கேள்வி அவற்றுள் அடிக்கடி வரும். பெயரை மட்டும் மாற்றி அதே விடையை ஐந்து கல்லூரிகளுக்கு அனுப்பினால், படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தையும் ஆய்வுக்கூடங்களையும் படித்துப் பார்த்து, தான் அங்கே என்ன செய்யப் போகிறோம் என்று உங்கள் மகளே சிந்தித்து எழுதினால்தான் அந்த விடைக்கு உயிர் வரும். இருபது கல்லூரிகளுக்கு அப்படி எழுதப் பள்ளிப் படிப்புக்கு நடுவே நேரம் கிடைக்காது. எட்டு அல்லது பத்துக் கல்லூரிகளைத் தேர்ந்து நன்றாக எழுதுவதே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: எம்.ஐ.டி.க்கும் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இந்தத் தளத்தில் விண்ணப்பிக்க இயலாது. அவற்றுக்குத் தனித் தளங்கள் உண்டு.

பதில் 2:
பள்ளியில் மாணவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுபவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். ஆசிரியர் ஒரு கடிதத்தை ஒருமுறை பதிவேற்றினால் போதும். எந்தெந்தக் கல்லூரிக்கு அந்த ஆசிரியரின் கடிதம் போக வேண்டும் என்பதை உங்கள் மகள்தான் தன் கணக்கில் ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். அவ்வாறு குறிக்க மறந்தால் கடிதம் அந்தக் கல்லூரியைச் சென்றடையாது. கடிதத்தைப் பதிவேற்றுமாறு ஆசிரியரைத் தளத்தின் வழியாக அழைப்பதற்கு முன்பே, கடிதத்தைப் பின்னாளில் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாளா என்ற கேள்விக்கு அவள் விடை அளித்திருக்க வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள், ஏனென்றால் மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்து எழுதப்பட்ட கடிதத்தைக் கல்லூரிகள் கூடுதலாக நம்புகின்றன. கெடு நெருங்கிய பிறகு கேட்டால் ஆசிரியரால் நிதானமாக எழுத இயலாது. கோடை விடுமுறைக்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. எர்லி டிசிஷன் முறையில் இரண்டு கல்லூரிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாமா?

பதில் 1:
கூடாது. எர்லி டிசிஷன் என்பது, இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வேன் என்று தரும் உறுதி. மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் அதில் கையொப்பம் இடுகிறார்கள். இடம் கிடைத்ததும் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். கல்லூரி தரும் நிதியுதவி போதாது என்றால் விலகிக்கொள்ள வழி உண்டு. ஆனாலும் பல கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டிய குடும்பத்துக்கு இந்த முறை பொருந்தாது. எர்லி ஆக்‌ஷன் முறையில் முடிவு முன்கூட்டியே தெரியும், அங்கேயே சேர வேண்டிய கட்டாயம் இல்லை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு ஆகியவற்றில் அதற்கும் கட்டுப்பாடு உண்டு. அங்கே முன்கூட்டி விண்ணப்பிப்பவர், சில விதிவிலக்குகள் தவிர, வேறு தனியார் கல்லூரிகளுக்கு அவ்வாறு விண்ணப்பிக்கக் கூடாது. எனவே அனுப்பும் முன் அந்தந்தக் கல்லூரியின் விதியை அதன் தளத்திலேயே படித்துவிடுங்கள்.