லேப்டாப்ல இன்னிக்கு விலை, சர்வர்ல பழைய விலை: நெக்ஸ்ட்.ஜேஎஸ் டெப்ளாய் உதவி வேணும்

கேள்வி / மண்டபம்

வணக்கம். மண்டபம், பாம்பன் கரையில ஏலம் போற மீன், நண்டு, கணவாய் விலையை அன்னன்னிக்கு காட்டுற ஒரு சின்ன தளம். ஏலத்துல கணக்கு எழுதுறவர் போன்ல விலையை ஏத்துவார், வெளியூர் வியாபாரிங்க பார்த்துக்குவாங்க. லேப்டாப்ல டெவ் மோடுல எல்லாம் சரியா ஓடுது. சர்வர்ல ஏத்தினா ஒவ்வொண்ணா உடையுது.

நெக்ஸ்ட்.ஜேஎஸ் 15 (வெப்சைட் கட்டுற ஃப்ரேம்வொர்க்), ஆப் ரவுட்டர், நோட் 22 (ஜாவாஸ்கிரிப்டை சர்வர்ல ஓட்டுறது), போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். வாடகை சர்வர்: உபுண்டு 24.04, 1 ஜிபி ரேம், ஸ்வாப் (ரேம் பத்தலைன்னா டிஸ்க்ல எடுத்துக்கிற இடம்) கிடையாது, முன்னால எஞ்சின்எக்ஸ் (வர்ற ரிக்வெஸ்டை வாங்கி நெக்ஸ்டுக்கு அனுப்புறது). லேப்டாப் விண்டோஸ்.

1. சர்வர்ல பில்ட் ஓட்டினா பாதியில 'கில்டு'ன்னு ஒரே ஒரு வார்த்தை, எக்ஸிட் கோட் 137.

2. அதனால லேப்டாப்லயே ஸ்டாண்ட்அலோனா (ஓடத் தேவையானதைத் தனி ஃபோல்டர்ல திரட்டுற முறை) பில்ட் பண்ணி அந்த ஃபோல்டரை மட்டும் ஏத்தினேன். எழுத்து வருது, ஸ்டைல் இல்ல, பட்டன் எதுவும் அசையல.

3. விலை மாறவே மாட்டேங்குது. சர்வர் டேட்டாபேஸ்ல நேரடியா புது விலையைப் போட்டும் பழசே நிக்குது. இன்னொண்ணு, சோதனைக்குன்னு லேப்டாப்ல போட்ட 'டெஸ்ட் நண்டு'ங்கிற வரி சர்வர் பக்கத்துல தெரியுது. சர்வர் டேட்டாபேஸ்ல அப்படி ஒரு வரியே இல்ல!

4. விலை சேமிக்கிற பட்டனுக்கு 500 எரர். லாக்ல 'இன்வேலிட் சர்வர் ஆக்‌ஷன்ஸ் ரிக்வெஸ்ட்'. முதல்ல ஏத்தினப்ப ஸ்டாடிக் ஃபோல்டரைக் கையால போட்டுப் பார்த்தப்போ வந்தது இது.

எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. சொல்லுங்கண்ணே.

பதில் / தொண்டி

தம்பி, முதல் ரெண்டும் சீக்கிரம் முடியுற விஷயம்.

137ன்னா 128 கூட 9. கெர்னல் மெமரி போதாம நோடைக் கொன்னுருக்கு. டிமெசேஜ் (dmesg, கெர்னல் லாக்) எடுத்துப் பாருங்க, 'அவுட் ஆஃப் மெமரி'ன்னு நோட் பேரோட ஒரு வரி இருக்கும். இதுக்குப் பலரும் நோட் ஆப்ஷன்ஸ்ல மேக்ஸ் ஓல்டு ஸ்பேஸ் சைஸை ஏத்தச் சொல்வாங்க. அது வேற நோய்க்கு மருந்து. 'ஜாவாஸ்கிரிப்ட் ஹீப் அவுட் ஆஃப் மெமரி'ன்னு நோடே சொல்லி 134ல நின்னாதான் அந்த எண்ணை ஏத்தணும். உங்க இடத்துல ஏத்தினா நோட் இன்னும் அதிகமா ரேம் கேட்கும், இன்னும் சீக்கிரம் சாகும்.

2 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் ஃபைல் போடுங்க. ஃபைலை உண்டாக்கி, பெர்மிஷன் 600 வச்சு, எம்கேஸ்வாப், அப்புறம் ஸ்வாப்ஆன். எஃப்எஸ்டேப்ல ஒரு வரி எழுத மறந்தா அடுத்த ரீபூட்ல ஸ்வாப் காணாமப் போயிடும். இருந்தாலும் 1 ஜிபி சர்வர்ல தளமும் ஓடி பில்டும் ஓடினா ரெண்டுமே மூச்சு வாங்கும். லேப்டாப்ல பில்ட் பண்றதே நல்லது. ஆனா விண்டோஸ்ல நேரடியா வேண்டாம், டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டுற வசதி) உபுண்டுக்குள்ள பண்ணுங்க. ப்ராஜெக்டை அங்கே புதுசா எடுத்து என்பிஎம் சிஐ ஓட்டணும். விண்டோஸ்ல இறங்கின நோட் மாட்யூல்ஸைத் தூக்கிட்டுப் போனா ஷார்ப் மாதிரி பேக்கேஜ்ல விண்டோஸ் பைனரி இருக்கும், லினக்ஸ்ல படம் வராது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் பில்ட்லயே மாட்டிக்கும்: ஃபைல் பேர் பெரிய எழுத்துல ஆரம்பிச்சு இம்போர்ட்ல சின்ன எழுத்து இருந்தா விண்டோஸ் கண்டுக்காது, லினக்ஸ் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்'னு நின்னுடும்.

ஸ்டைல் வராததுக்குக் காரணம், ஸ்டாண்ட்அலோன் ஃபோல்டர்ல பப்ளிக்கும் ஸ்டாடிக்கும் தானா வராது. நாமதான் போடணும். பப்ளிக் ஃபோல்டரை ஸ்டாண்ட்அலோனுக்குள்ள வைங்க. டாட் நெக்ஸ்டுக்குள்ள இருக்கிற ஸ்டாடிக்கை, ஸ்டாண்ட்அலோனுக்குள்ள இருக்கிற டாட் நெக்ஸ்டுக்குள்ள வைங்க. காப்பி பண்ணும்போது நட்சத்திரக் குறி போடாதீங்க. புள்ளியில ஆரம்பிக்கிற ஃபோல்டரை அது எடுக்காது, டாட் நெக்ஸ்ட் அப்படியே விட்டுப் போயிடும். ஆர்சிங்க்ல (ஃபைல் அனுப்புற கருவி) சோர்ஸ் பேருக்குப் பின்னால சாய்கோடு வச்சு அனுப்புங்க. மாறின ஃபைல் மட்டும்தான் போகும், கரையில போன் நெட்டை வச்சு ஏத்துறவங்களுக்கு அது பெரிய உதவி.

பதில் / கீழக்கரை

மூணாவதுக்கு வர்றேன். அந்த 'டெஸ்ட் நண்டு'தான் சாட்சி. உங்க முகப்புப் பக்கம் சர்வர்ல ஓடவே இல்லை. லேப்டாப்ல பில்ட் பண்ணின நிமிஷத்துல லேப்டாப் டேட்டாபேஸ்ல இருந்ததைப் படிச்சு ஹெச்டிஎம்எல்லா எழுதி வச்சாச்சு. சர்வர் அந்தத் தாளைத்தான் நீட்டிக்கிட்டே இருக்கு.

பில்ட் முடிஞ்சதும் கடைசியில வர்ற ரூட் பட்டியலைப் பாருங்க. முகப்புக்கு முன்னால சின்ன வட்டம் இருந்தா ஸ்டாடிக். இத்தாலிக் எஃப் மாதிரி குறி இருந்தா ஒவ்வொரு வருகைக்கும் புதுசா உருவாகுது. உங்களுக்கு வட்டம்தான் இருக்கும். பதிப்பு 15ல ஃபெட்ச் தானா கேஷ் ஆகாதுன்னு படிச்சிருப்பீங்க. அது உண்மைதான், ஆனா பக்கத்துல குக்கி, ஹெடர், சர்ச் பாராம்ஸ் எதையும் தொடலைன்னா பக்கம் முழுசும் பில்ட்லயே தயாராகிடும். டெவ் மோடுல ஒவ்வொரு தடவையும் புதுசா ஓடுறதால லேப்டாப்ல இது கண்ணுக்கே தெரியாது.

முகப்புப் பக்கத்தோட ஃபைல்ல ரீவேலிடேட் 300ன்னு எக்ஸ்போர்ட் பண்ணுங்க. விலை சேமிக்கிற ஆக்‌ஷன் முடிவுல ரீவேலிடேட் பாத் கூப்பிட்டு முகப்பைக் குடுங்க. டேட்டாபேஸுக்குச் சுமை இருக்காது, அது கொஞ்ச நேரம் படுத்தாலும் பழைய பக்கமாவது நிக்கும்.

பதில் / தொண்டி

கீழக்கரை அண்ணன் சொன்ன காரணம் அச்சு அசல் சரி. ஆனா இந்தத் தம்பிக்கு ரீவேலிடேட் வேண்டாம்னு நினைக்கிறேன். 300 வினாடி தாண்டினதும் பக்கம் தானா மாறாது. தாண்டின பிறகு முதல்ல வர்றவருக்குப் பழைய பக்கத்தைக் குடுத்துட்டு, பின்னால புதுசு செய்யும். சேமிக்கிற பட்டன் வழியா இல்லாம டேட்டாபேஸ்ல நேரடியா விலையைப் போட்டு, ராத்திரி முழுக்க யாரும் திறக்கலைன்னா, விடியக்காலை முதல் ஆளா விலை பார்க்கிற வியாபாரிக்கு நேத்து சாயங்காலத்துப் பக்கம்தான். அதைவிட மோசம், லேப்டாப்ல பில்ட் பண்றதால ஒவ்வொரு டெப்ளாய்க்கும் பிறகு முதல் ஆளுக்கு 'டெஸ்ட் நண்டு' போகும். விலையை நம்பி வண்டி அனுப்புற இடம் இது.

டைனமிக்னு ஒரு கான்ஸ்ட் எக்ஸ்போர்ட் பண்ணுங்க, மதிப்பு ஃபோர்ஸ் டைனமிக். முகப்புப் பக்கத்துல இந்த ஒரு வரி போதும். சின்ன அட்டவணை, தேதி நெடுவரிசைக்கு ஒரு இண்டெக்ஸ், அவ்வளவுதான். கூட்டம் கூடினா அப்போ கேஷைப் பத்தி யோசிங்க.

பதில் / கீழக்கரை

ஒத்துக்கிறேன். பில்ட் வேற மெஷின்ல நடக்குதுங்கிறதை நான் கணக்குல எடுக்கல.

ஒரு எச்சரிக்கை. பில்ட் பண்ணும்போது ப்ராஜெக்ட்ல இருக்கிற டாட் என்வி ஃபைலும் ஸ்டாண்ட்அலோனுக்குள்ள போயிடும். லேப்டாப் டேட்டாபேஸ் முகவரி அதுலதான் இருக்கும். சர்வர்ல சிஸ்டம்டி (ஆப்பைப் பின்னணியில ஓட்டிக்கிட்டே இருக்கிறது) சர்வீஸ் ஃபைல்ல என்விரான்மென்டா சரியான முகவரியைக் குடுங்க, அதுக்குத்தான் முன்னுரிமை. அங்கேயே போர்ட் 3000, ஹோஸ்ட்நேம் 127.0.0.1 போடுங்க, இல்லைன்னா 3000 வெளியில திறந்து கிடக்கும். ரீஸ்டார்ட் ஆல்வேஸும் சேருங்க.

நாலாவது எரர் எஞ்சின்எக்ஸ்ல இருந்து வருது. நீங்க சொல்லலைன்னா அது ஹோஸ்ட் ஹெடரா 127.0.0.1:3000ஐ அனுப்பும். பிரவுசர் அனுப்புற ஆரிஜின்ல உங்க டொமைன் இருக்கும். ரெண்டும் ஒத்துப் போகாததால நெக்ஸ்ட் அந்த ஆக்‌ஷனைத் தடுக்குது, பாதுகாப்புக்காக. லொகேஷன் பிளாக்ல ப்ராக்ஸி செட் ஹெடர் ஹோஸ்டுக்கு டாலர் ஹோஸ்ட்னு குடுங்க, எக்ஸ் ஃபார்வர்டட் ப்ரோட்டோவுக்கு டாலர் ஸ்கீம். டெஸ்ட் பண்ணி ரீலோட் பண்ணுங்க.

கேள்வி கேட்டவர் / மண்டபம்

ரொம்ப நன்றிண்ணே. வட்டம் போய் எஃப் வந்திருச்சு, ஸ்டைலும் சரி, சேமிப்பும் சரி. கணக்குக்காரர் போன்ல இருந்தே ஏத்துறார்.

ஆனா புதுசா ஒண்ணு. விடியக்காலை 4.10க்கு ஏத்தின விலை முந்தின நாள் தேதிக்குக் கீழ போய் உக்காருது. 6 மணிக்கு ஏத்தினது மட்டும் சரியான தேதியில. லேப்டாப்ல 4 மணிக்குப் போட்டாலும் சரியா வருது. தேதிக்கு நியூ டேட் எடுத்து கெட் டேட், கெட் மன்த் வச்சு எழுதியிருக்கேன்.

பதில் / கீழக்கரை

கோடு எங்கே மாறுதுன்னு பாருங்க: 5.30. சர்வர் கடிகாரம் யூடிசியில (உலகப் பொது நேரம்) ஓடுது, நம்ம நேரம் அதைவிட அஞ்சரை மணி முன்னால. இங்கே 4.10ன்னா அங்கே முந்தின நாள் ராத்திரி 10.40. கெட் டேட் அது ஓடுற மெஷினோட நேரத்தைத்தான் பார்க்கும். மத்த ஊர்ல ராத்திரி யாரும் பார்க்காத பிழை இது. நம்ம கரையில அந்த நேரத்துலதான் படகு வந்து ஏலம் நடக்குது.

சர்வீஸ் ஃபைல்ல டிஇஸட்னு ஏசியா/கொல்கத்தா வச்சா இன்னிக்கு ஓடிடும். அதோட நிறுத்தாதீங்க, சர்வர் மாத்தும்போது மறந்து போகும். இன்டெல் டேட்டைம்ஃபார்மட்ல லோக்கேலா ஈஎன்-சிஏ, டைம்ஸோனா ஏசியா/கொல்கத்தா குடுத்தா வருஷம்-மாசம்-நாள் வரிசையில நேரா வரும். ஒரே ஃபங்ஷன், எல்லா இடத்துலயும் அதையே கூப்பிடுங்க. போஸ்ட்கிரெஸ் பக்கம் கரன்ட் டேட்டும் அந்த செஷனோட டைம்ஸோன்லதான் ஓடும், அதனால ஏல நாளைத் தனி நெடுவரிசையா வச்சு ஆப்பே எழுதட்டும்.

இதை பிரவுசர் பக்கமும் பண்ணணும். துபாய்ல இருந்து பார்க்கிற நம்ம ஆளுங்க போன்ல நேரம் ஒன்றரை மணி பின்னால. நம்ம ராத்திரி 12 மணியில இருந்து 1.30 வரைக்கும் அவங்க தேதி வேற. சர்வர் ஒரு தேதி எழுதி, போன் வேற தேதி எழுதினா ரியாக்ட் எரர் 418 வரும்.

ஏற்கெனவே தப்பா விழுந்த வரிகளைத் திருத்தும்போது, நேர நெடுவரிசை டைம்ஸ்டாம்ப்டிஇஸட்டா, வெறும் டைம்ஸ்டாம்பான்னு முதல்ல பாருங்க. டிஇஸட் இருந்தா அட் டைம்ஸோன் ஏசியா/கொல்கத்தா போட்டு தேதியா மாத்தலாம். வெறும் டைம்ஸ்டாம்புல யூடிசி நேரம் இருந்தா முதல்ல அட் டைம்ஸோன் யூடிசி, அப்புறம் கொல்கத்தா. முதல் படியை விட்டா நேரம் எதிர்ப்பக்கம் நகரும். அப்டேட் ஓட்டுறதுக்கு முன்னால அதே கணக்கை செலக்ட்ல போட்டு அந்த 4.10 வரியைக் கண்ணால பார்த்துக்குங்க.

கேள்வி கேட்டவர் / மண்டபம்

டிஇஸட்தான் இருந்தது. செலக்ட்ல சரியா வந்துச்சு, மாத்திட்டேன். இன்னிக்கு 4.20 வரியும் இன்னிக்குத் தேதியிலயே வந்திருக்கு.

கடைசியா ஒண்ணுண்ணே. நண்டு, இறால் போட்டோ ஏத்தினா சில போன்ல போகுது, சில போன்ல 413.

பதில் / தொண்டி

போட்டோ அளவுதான் காரணம். ரெண்டு வாசல் இருக்கு, ரெண்டுலயும் அளவு 1 எம்பி. எஞ்சின்எக்ஸ்ல கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ், நெக்ஸ்ட் கான்ஃபிக்ல எக்ஸ்பெரிமென்டலுக்குள்ள சர்வர் ஆக்‌ஷன்ஸ், அதுல பாடி சைஸ் லிமிட். ஒண்ணை மட்டும் ஏத்தினா இன்னொண்ணு தடுக்கும். ரெண்டையும் 5 எம்பி ஆக்குங்க. அதுக்கு முன்னால போன்லயே கேன்வாஸ் வச்சு அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைச்சு அனுப்புங்க, பாதிக்கு மேல போட்டோ 1 எம்பிக்குள்ளயே வந்துடும், கடல் ஓரத்து சிக்னலுக்கும் அதுதான் தோது.

டெப்ளாயை ஏலம் முடிஞ்ச பிறகு, பகல்ல வைங்க. புது பில்ட் ஏறினதும், முன்னாடியே திறந்து வச்ச போன்ல சேமிக்கிற பட்டன் 'ஃபெயில்டு டு ஃபைண்ட் சர்வர் ஆக்‌ஷன்'னு நிக்கலாம். கணக்குக்காரர்கிட்ட ஒரு தடவை ரீஃப்ரெஷ் பண்ணச் சொல்லிடுங்க.