உய்த்துணர்வா (ஆதாரத்தை வைத்து எட்டும் முடிவு), ஊகமா (ஆதாரமில்லாத நினைப்பு)? எட்டாம் வகுப்புக்கு எப்படிச் சொல்ல?

பாளையங்கோட்டை டீச்சர்: வாசிப்புப் பயிற்சிக்கு இந்த வரிகளைக் கொடுத்தேன்: "குறுக்குத்துறைக் கோயில் மண்டபம் தண்ணிக்குள் இருந்தது. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்." பாதிப் பேர் 'சாமி கும்பிட வந்தாள்' என்று எழுதியிருக்கிறார்கள். சரியா?

பேட்டை அண்ணாச்சி: அது ஊகம், டீச்சர். குளிக்க வந்திருக்கலாம், வெள்ளம் பார்க்கவும் வந்திருக்கலாம். வரியில் பிடிமானம் இல்லை. 'தாமிரபரணியில் வெள்ளம்' என்பதுதான் உய்த்துணர்வு. மண்டபம் மூழ்கியது வரியில் இருக்கு; திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி ஆற்றுக்குள் இருப்பது நமக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் முடிவு நிற்கும். ஆதாரமான சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போடச் சொல்லுங்க. கோடு போட இடமே கிடைக்கலைன்னா ஊகம்.

சங்கரன்கோவில்காரன்: ஊர் விவரம் தெரிந்த பிள்ளைதான் அதிகம் சறுக்கும். 'வெள்ளம், அதனால் ஐப்பசி' என்று எழுதிவிடும். 2023 பெருவெள்ளம் டிசம்பர் 17, 18-இல், மார்கழி பிறந்த கையோடு வந்தது. வரியில் இல்லாத மாதத்தை எழுதவே கூடாது.

பாளையங்கோட்டை டீச்சர்: செருப்பு? 'சகதி' என்று எழுதலாமா?

பேட்டை அண்ணாச்சி: சகதிக்கும் கழற்றலாம், கோயில் என்றும் கழற்றலாம். இரண்டும் ஒரே அளவு பொருந்தினால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்லக் கூடாது. இரண்டையும் 'இருக்கலாம்' போட்டு எழுதின பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்க.