சைட்டுக்குத் தூக்கிப் போகும் தச்சு மேசை: ஆடாம, நகராம, கனக்காம (அனுபவப் பகிர்வு)

ரசமட்டம் (நாகர்கோவில்):

கதவு, ஜன்னல், அலமாரி மாட்டுகிற இடத்துக்குக் கொண்டுபோகிற மேசையைப் பற்றித் தெரிந்தவர்கள் அளவோடு எழுதுங்க. என்ன தடி (மரம்), என்ன கனம், எங்கே ஆடுது, எங்கே விட்டுப்போகுது, இவ்வளவும் வேணும். ஆட்டோவில் ஏறணும், ஒரே ஆள் மாடிப்படியில் தூக்கணும். அதுதான் நிபந்தனை.

என் பங்குக்கு ஒரு விஷயம். மேசை ஆடுவதும் மேசை நகர்வதும் வேறு வேறு நோய். சட்டம் சேருகிற இடம் தளர்ந்திருந்தாலோ, சாய்வுச் சட்டம் இல்லாவிட்டாலோ மேசை ஆடும். பாரம் போதாவிட்டால் நகரும். ஆட்டத்தை எடை கூட்டித் தீர்க்க முடியாது. 80 கிலோ மேசையானாலும் சாய்வுச் சட்டம் தருகிற முக்கோணம் இல்லாவிட்டால் இழைப்புளி போகிற திசையில் அசையத்தான் செய்யும். நகர்வதற்கு எடை வேணும்தான், ஆனா அதை வீட்டிலிருந்து சுமக்கத் தேவையில்லை. கட்டடம் நடக்கிற இடத்தில் 50 கிலோ சிமென்ட் மூட்டை இல்லாமலா போகும்? மராமத்து வீடு என்றால் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு, 40 கிலோ ஆச்சு. கால்களுக்கு இடையில், தரைக்கு ஒரு சாண் மேலே, ஒரு பலகை போட்டு அதில் ஏற்றிவிட்டால் போதும். வண்டியில் ஏற வேண்டியது விறைப்பு மட்டும்.

முக்காலிஞ்ச் உளி (தக்கலை):

மேல்பலகையைப் பெட்டியாகச் செய்யுங்க. 4 அடி நீளம், 20 இஞ்ச் அகலம். மேலே 12 மிமீ பிளைவுட், கீழே 6 மிமீ, நடுவில் 12 மிமீ பிளைவுட்டிலிருந்தே இரண்டரை இஞ்ச் அகலத்தில் கிழித்த பட்டைகள். நீளவாக்கில் மூன்று பட்டை, குறுக்கே 8 இஞ்சுக்கு ஒன்று. மொத்த கனம் ஏறக்குறைய மூணேகால் இஞ்ச். எடை 12, 13 கிலோவுக்குள் நிற்கும். இதே கனத்துக்குத் தேக்குப் பலகை போட்டால் 30 கிலோவைத் தாண்டும்.

பிளைவுட் ஐஎஸ் 710 முத்திரை உள்ளதாக இருந்தால் மழைக்குப் பயமில்லை. ஐஎஸ் 303-இல் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) தரமும் போதும். எம்ஆர் (லேசான ஈரம் மட்டும் தாங்கும்) தரம் வேண்டாம், ஒரு ஐப்பசியைத் தாண்டாது.

ஒட்டுகிற நாள்தான் முக்கியம். பெட்டி முறையில் பசை காய்ந்தபோது எந்த வடிவில் இருந்ததோ அதுவே கடைசி வரைக்கும். முறுக்கோடு ஒட்டினால் முறுக்கு உள்ளே பூட்டிக்கொள்ளும், பிறகு இழைத்து எடுக்கவும் வழியில்லை, மேல் தோல் 12 மிமீதானே. அதனால் ஒட்டுவதற்கு அடியில் இருக்கும் தளத்தை முதலில் பாருங்க. நேரான இரண்டு சட்டங்களை இரு முனையிலும் நிறுத்தி, ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றதை ஒற்றைக் கண்ணால் பார்க்கணும். இரண்டு விளிம்பும் ஒன்றுக்கொன்று சமமாக ஓடணும். ஒரு பக்கம் ஏறி நின்றால் அந்த மூலைக்கு அடியில் அட்டை கொடுத்துச் சரிபண்ணிவிட்டு ஒட்டுங்க.

பட்டைகள் எல்லாம் ஒரே அகலமாக இருக்கணும். ஒரே வேலியில் (ரம்பத்தில் அகலத்தை நிறுத்துகிற தடுப்பு), வேலியை அசைக்காமல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கிழிக்கணும். அரை நூல் (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒன்று) வித்தியாசம் இருந்தாலும் அந்த இடத்தில் தோல் பட்டையைத் தொடாது, பசை வெறும் இடைவெளியை நிரப்பிக்கொண்டு நிற்கும். தட்டினால் அங்கே சத்தம் மாறும், கேட்டுப் பாருங்க.

பாரத்துக்கு நாலைந்து சிமென்ட் மூட்டையைப் பரப்பி வைத்து ஒரு நாள் முழுக்க விடணும். மழைக்காலத்தில் ரெண்டு நாள்.

அரம் (மார்த்தாண்டம்):

அண்ணாச்சி, இவ்வளவு மெனக்கெடுவதற்கு 18 மிமீ பிளைவுட் ரெண்டை ஒட்டி 36 ஆக்கினால் தீர்ந்துபோகுமே? எடையிலும் பெரிய வித்தியாசம் இல்லையே.

முக்காலிஞ்ச் உளி (தக்கலை):

எடை 15 கிலோ வரும், நீங்க சொல்வது சரிதான், ரெண்டு மூணு கிலோதான் கூடுதல். ஆனா வளையாமல் நிற்கும் பலம் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. பொருள் நடுவில் இருந்து பயனில்லை, மேலேயும் கீழேயும் விலகி நிற்கணும். கணக்குப் போட்டால் இந்தப் பெட்டி 36 மிமீ பலகையைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு விறைப்பு, பசை முழுக்கப் பிடித்திருந்தால். ரெண்டு காலுக்கு நடுவே மூணடி இடைவெளி விட்டாலும் தொய்வு தெரியாது.

பெட்டிக்கு ஒரு குறை உண்டு, மறைப்பானேன். பட்டைக்குப் பட்டை நடுவில் வைத்து உளியைக் கொட்டாப்புளியால் அடித்தால் தோல் துள்ளும், அடியில் பாதி வீணாகும். துளை வெட்டுவதற்கென்று ஒரு காலுக்கு நேர் மேலே உள்ள அறையில் கெட்டி மரத்துண்டை முழுக்க அடைத்துவிடுங்க. அடைக்கும் துண்டு பட்டையின் அகலத்தைவிட இம்மி கூட இருக்கக் கூடாது. இருந்தால் அங்கே புடைக்கும். மேலே 4 மிமீ ஹார்ட்போர்டு ஒன்றை நாலு ஸ்க்ரூவில் பிடித்துவிட்டால் தேயும்போது மாற்றிக்கொள்ளலாம்.

பிலாத்தடி (குலசேகரம்):

காலுக்கு எந்தத் தடி என்று யாரும் சொல்லவில்லையே. இந்தப் பக்கம் சுலபமாய்க் கிடைப்பது ரப்பர் தடி. கெட்டி, திருத்தமாக இழையும், விலையும் குறைவு. ஆனா மருந்து ஏற்றாத ரப்பர் தடியை வாங்கவே வாங்காதீங்க. அறுத்த சில நாளிலேயே நீலம் பாயும், பிறகு பூச்சி துளைத்து மாவு கொட்டும். போரான் மருந்து ஏற்றியது என்றாலும் அந்த மருந்து தண்ணீரில் கரைந்து போகிற சாதி. உள்வேலைக்கு மட்டும்தான் அது. ஈரத் தரையில் நிற்கிற காலுக்கு ஆகாது.

காலுக்கு அயனி நல்லது. வள்ளம் (படகு) செய்கிற தடி, ஈரம் தாங்கும், தேக்கைவிடக் கொஞ்சம் எடையும் குறைவு. பிலாவும் ஆகும், ஆனா ரேகை பின்னிக் கிடக்கிற துண்டைத் தள்ளிவிட்டு நேர் ரேகையாய்ப் பார்த்து எடுக்கணும். எதுவானாலும் உலர்ந்ததாய் இருக்கணும். பச்சைத் தடியில் போட்ட கழுந்து (துளைக்குள் செருகுகிற முனை) மாசி, பங்குனியில் கழன்று கையோடு வரும். காலின் அடி முனை ரேகை திறந்த இடம், ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீர் குடிக்கும். அங்கே வார்னிஷ் மூணு கை.

ரசமட்டம் (நாகர்கோவில்):

காலைப் பற்றி நான் எழுதுகிறேன். ஆட்டம் பிறக்கிற இடமே அதுதான்.

அயனியில் 3 × 1½ இஞ்ச் சட்டம். இரண்டு சட்டகம். ஒவ்வொன்றிலும் ரெண்டு கால், மேலே ஒரு குறுக்கு, தரைக்கு 6 இஞ்ச் மேலே ஒரு குறுக்கு. இந்த மூட்டுகளைத் துளையும் கழுந்தும் போட்டு நிரந்தரமாக ஒட்டிவிடுங்க. கழற்றுகிற வசதி இங்கே தேவையில்லை, 20 இஞ்ச் அகலம் எந்த வண்டியிலும் படுக்கும். கால் உயரம் 28¾ இஞ்ச், மேல்பலகையோடு 32 வரும். ஐந்தடி ஆறு அங்குல ஆள் கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு நிற்கிற உயரத்துக்குப் பக்கம், இழைப்புக்கு அதுதான் சரி. எலெக்ட்ரிக் பிளேனரும் ரூட்டரும்தான் முக்கால்வாசி வேலை என்றால் 35, 36 வைத்துக்கோங்க, முதுகு தப்பிக்கும்.

ரெண்டு சட்டகத்தையும் கீழே சேர்ப்பது 4 இஞ்ச் அகல, 1 இஞ்ச் கனப் பலகை. அதன் முனை சட்டகத்தின் கீழ்க்குறுக்கைத் துளைத்து வெளியே வரணும், வெளியே ஆப்பு. போல்டைவிட ஆப்பை நம்புவேன். தடி சுருங்கினால் போல்டு தளரும், ஸ்பானர் தேடணும். ஆப்புக்கு ஒரு தட்டு போதும். சரிவு 6-க்கு 1 முதல் 8-க்கு 1 வரை. அதைவிடச் சரிவு கூடினால் அதிர்வில் தானே பின்வாங்கும். ஆப்புத் துளையின் உள்விளிம்பு கீழ்க்குறுக்கின் வெளிமுகத்துக்கு ஒரு நூல் உள்ளே போயிருக்கணும். அப்போதுதான் ஆப்பு இழுக்கும். விளிம்பும் முகமும் சமமாக இருந்தால் ஆப்பு துளையில் இறுகுமே தவிர மூட்டை இறுக்காது. முக்கால்வாசிப் பேருடைய ஆப்பு மூட்டு ஆடுவது இதனால்தான்.

பாரம் ஏற்ற, இந்தப் பலகையின் மேல் குறுக்கே ரெண்டு பட்டை போட்டால் மூட்டை நிற்கும்.

அடுத்தது சாய்வுச் சட்டம். 2 × 1 இஞ்சில் ரெண்டு. கீழ்க்குறுக்கிலிருந்து கிளம்பி மேல்பலகையின் அடிநடுவில் சேரணும். இங்கேதான் பலரும் ஒரு போல்டைக் குத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். 8 மிமீ போல்டுக்கு 9 மிமீ ஓட்டை போட்டால் அந்த ஒரு மிமீ ஓட்டைக்கு ஓட்டை சேர்ந்து மேல்பலகையில் பெரிய ஆட்டமாக வெளிப்படும். சட்டத்தின் முனை ஒரு வெட்டுவாயில் உட்கார்ந்து, மரம் மரத்தை முட்டித் தள்ளணும். போல்டு அது நழுவாமல் பிடிக்க மட்டும். மடக்குக் கால் மேசைக்காரர்களுக்கும் இதேதான்: கீலின் ஊசியில் எப்போதும் தளர்வு உண்டு, பாரத்தைக் கீல் தாங்கக் கூடாது. மடக்க மட்டும் கீல்.

கால், பலகை, சாய்வு எல்லாம் சேர்ந்து 11 கிலோ பக்கம் வரும். மேல்பலகையோடு 24. ரெண்டு நடை.

கட்டுமரம் (குளச்சல்):

கடற்கரைப் பக்கம் வேலை எடுக்கிறவங்களுக்கு: முலாம் பூசிய போல்டு உப்புக் காற்றில் சீக்கிரம் பூக்கும், பிறகு நட்டு அசையாது. எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 வாங்குங்க. ஆனா எஸ்எஸ் போல்டில் எஸ்எஸ் நட்டை வேகமாக முடுக்கினால் மரை ஒன்றோடு ஒன்று கடித்துப் பூட்டிக்கொள்ளும், வெட்டித்தான் எடுக்கணும். மரையில் கொஞ்சம் கிரீஸோ மெழுகோ தடவி, கையால் நிதானமாக முடுக்கினால் அந்தத் தொல்லை வராது. வாஷர் பெரிசாக வைங்க. சின்ன வாஷர் அயனியில் புதையும், புதைந்த அளவு தளரும்.

காற்றாடி (ஆரல்வாய்மொழி):

சாய்வுச் சட்டத்துக்குப் பதிலாகப் பின்பக்கம் 6 மிமீ பிளைவுட், மூணடிக்கு ஓரடி, நாலு மூலையிலும் போல்டு. ஒரு கிலோ சொச்சம்தான், விறைப்பு சாய்வுச் சட்டத்துக்குக் குறையாது. ஆனா எங்க ஊர்ப்பக்கம் ஆனியிலும் ஆடியிலும் வெளியே மேசை போட்டால் அதுவே பாயாக மாறிவிடும். மூட்டையை ஏற்றாமல் அந்த மேசையை விட்டு நகராதீங்க, கேட்டியளா.

மூலைமட்டம் (கருங்கல்):

பிடிப்பைப் பற்றி. இரும்பு வைஸை நிரந்தரமாக மாட்டினால் இதுவரை குறைத்த எடை முழுக்கத் திரும்பி வந்துவிடும். மேல்பலகையில் 6 நூல் விட்டத்தில் ஓட்டை, அதற்கு மரக்குச்சி. முனையில் 12 மிமீ பட்டையில் ‘வி’ வாய் வெட்டிய ஒரு தடுப்பு. இழைப்புக்கு இதுவே எட்டுக்கு ஏழு வேலையை முடிக்கும். ஓட்டை வருகிற அறைகளிலும் கெட்டித் துண்டு அடைத்திருக்கணும், ஒட்டும் முன்பே அந்த இடத்தைக் குறித்து வைங்க. பின்னால் யோசித்துப் பயனில்லை. ஓட்டையில் கம்பிப் பிடியைச் செருகி அடித்து வேலைத்துண்டை இறுக்குகிறவர்கள் மூணேகால் இஞ்ச் கனத்தில் பிடி சரியாகக் கடிக்காவிட்டால் அடியிலிருந்து ஓட்டையை ஓரிஞ்ச் ஆழத்துக்கு அகலப்படுத்துங்க.

ஏழடிக் கதவின் விளிம்பை இழைக்க: கால்களின் வெளிமுகமும் மேல்பலகையின் விளிம்பும் ஒரே நேரில் நிற்கணும். காலில் மூணு இஞ்சுக்கு ஒரு ஓட்டை, குச்சியைச் செருகிக் கதவை அதில் உட்கார வைத்து, மேலே ஒரு சி-கிளாம்ப். மேல்பலகை காலைவிட வெளியே துருத்தினால் இந்த வேலை நடக்காது, வரையும்போதே பாத்துக்கிடுங்க.

பிலாத்தடி (குலசேகரம்):

இன்னொரு வழியும் இருக்கு. எல்லாரும் நின்று வேலை செய்யத்தான் மேசை தேடுகிறீங்க. உட்கார்ந்து செய்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு 18 இஞ்ச் உயரப் பெஞ்சு போதும். 4 அடி நீளம், 11 இஞ்ச் அகலம், 2 இஞ்ச் அயனிப் பலகை, விரித்துச் சாய்த்த நாலு கால். 12 கிலோ. வேலைத்துண்டின் மேல் ஆள் உட்காரும்போது அவர் எடையே மேசையின் பாரம், சிமென்ட் மூட்டை தேட வேண்டாம்.

காலை மேலிருந்து ஆப்பு வைத்து இறுக்கும்போது ஆப்பு பலகையின் ரேகைக்குக் குறுக்கே நிற்கணும். ரேகையோடு வைத்தால் ரெண்டாவது தட்டிலேயே பலகை விரியும்.

அரம் (மார்த்தாண்டம்):

தரை சமமில்லாத இடத்தில் நாலு கால் மேசை நொண்டுமே, அதற்கு?

ரசமட்டம் (நாகர்கோவில்):

ஒரே ஒரு காலின் அடியில் 12 மிமீ போல்டு, உள்ளே டி-நட்டு (முள்ளோடு மரத்தில் பதிகிற நட்டு). முக்கால் இஞ்ச் ஏற்ற இறக்கம் கிடைக்கும். நாலு காலிலும் போட்டால் எதைத் திருப்புவது என்றே தெரியாது, மூணு கால் தரையைக் கண்டுகொள்ளும், நாலாவதை மட்டும் அதற்கு ஒத்துக்கொடுத்தால் போதும். போல்டுத் தலை ஓடு போட்ட தரையில் கீறும், சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்க. டி-நட்டுக்கு ஓட்டை போடும் முன் காலின் அடியைச் சுற்றி ஒரு கம்பிக் கட்டுப் போடணும், இல்லாவிட்டால் அதன் முள் இறங்கும்போது அயனி பிளக்கும்.